பிரபலமான பெயர்களைத் தாண்டி வேறு எந்த ஒயின்களைச் சுவைத்துப் பார்க்கலாம்?

கேபர்னே, ஷிராஸ் என்னும் சிவப்பு ஒயின்களைத் தவிர வேறெதுவும் தெரியாது, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் இதே ஊர்தான்.

முதலில் ஜார்ஜியா நாட்டின் சபெராவி என்னும் திராட்சையில் செய்த ஒயினைத் தேடுங்கள். பெரும்பாலான கறுப்புத் திராட்சைகளுக்குத் தோலில்தான் நிறம், சதை வெளுத்திருக்கும். சபெராவிக்குச் சதையும் சிவப்பு. அந்நாட்டில் க்வெவ்ரி என்னும் பெரிய மண்தாழிகளைக் கழுத்துவரை புதைத்து, அதற்குள் சாற்றைப் புளிக்க வைக்கும் மரபு உண்டு. 2013இல் யுனெஸ்கோ அதைப் பண்பாட்டு மரபாக ஏற்றது. தென்னையில் கட்டிய கள் கலயத்தைப் பற்றித் தாத்தாக்கள் சொல்லக் கேட்ட நமக்கு, மண்ணில் புளிக்கும் பானம் அந்நியமே இல்லை!

சிலியின் கார்மனேர் திராட்சை ஒயினும் அருமை. பல காலம் அதை மெர்லோ என்னும் மற்றொரு திராட்சை என்றே எண்ணி வளர்த்தார்கள். 1994இல்தான் அது வேறு இனம் என்று தெரிந்தது.

ஆனால் ஆட்டுக்கறிப் பிரட்டலோடு இவற்றைத் திறக்காதீர்கள். துவர்ப்பும் கூடுதல் ஆல்கஹாலும் மிளகாயின் எரிச்சலை ஏற்றிவிடும். அதற்கு, செனின் பிளாங்க் திராட்சையில் செய்த பிரான்சின் வூவ்ரே வாங்குங்கள். லேபிளில் 'டெமி செக்' என்றிருந்தால் மெல்லிய இனிப்பு இருக்கும். நன்றாகக் குளிரவைத்துக் குடியுங்கள்.