மாலையில் நெரிசலாகும் எங்கள் ரயில் நிலையக் கடைத்தெருவை அகலப்படுத்த மனு கொடுக்கலாமா?

அகலப்படுத்தக் கேட்காதீர்கள். கூடுதல் இடத்தை வண்டிகளே பிடித்துக்கொள்ளும், தெருவைக் கடப்பது இன்னும் சிரமமாகும். தடையில்லாத நடைபாதை கேளுங்கள். இந்தியச் சாலைகள் காங்கிரஸின் (ஐஆர்சி) நடைபாதை வழிகாட்டுதலான ஐஆர்சி 103-ன்படி நடக்க மட்டுமே குறைந்தது 1.8 மீட்டர், விளிம்புக்கல் உயரம் 150 மி.மீ.க்குள். மின்பெட்டி, மரம், கடைப்படி எதுவும் அந்த 1.8-க்குள் வரக்கூடாது. கடைத்தெரு என்பதால் இதைவிட அதிகமே கேட்கலாம்.

நீங்கள் சொல்லும் மாலை நெரிசலுக்குக் கடைக்கு வருபவர்கள் காரணமாக இல்லாமலும் இருக்கலாம். மெயின் ரோட்டுக்குக் குறுக்குவழியாகப் புகுந்து போகிறவர்கள் காரணமாக இருக்கலாம்.

சரிபார்க்க வழி இருக்கிறது. இரண்டு முனையிலும் ஆளுக்கொருவர் நின்று, வண்டி எண்ணின் கடைசி 4 இலக்கத்தையும் நேரத்தையும் குறியுங்கள். 5 நிமிடத்துக்குள் மறுமுனையில் வெளியேறினால் அது சும்மா கடந்துபோகிற வண்டி. அவை பாதிக்கு மேல் இருந்தால் முதலில் மாற்றுப்பாதை கேளுங்கள். அந்தத் தாளையே மனுவோடு இணையுங்கள், அதிகாரிகள் தட்டிக்கழிப்பது கடினம்.

ஆனால் பஸ்ஸை வெளியே தள்ளும் திட்டத்துக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். 2019-ல் சென்னை தி.நகர் பாண்டி பஜார் கடைத்தெருவில் நடைபாதை வளாகம் திறந்தபோதுகூட வண்டிப்பாதையை முழுசாக மூடவில்லை. நிறுத்தம் தள்ளிப்போனால் வயதானவர்களும் பை சுமப்பவர்களும்தான் முதலில் அவதிப்படுவார்கள்.