நள்ளிரவில் நின்றுபோகும் குறட்டை

கேள்வி: எனக்கு வயது 46. மூன்று மாதமாக விடியற்காலை மூன்று மணிவாக்கில் விழித்துக்கொள்கிறேன். ஆனால் கை கால்களை அசைக்க முடியாமல், நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்து அமுக்குவதுபோல் இருக்கிறது. கண் அயரும்போது உடம்பு தூக்கிவாரிப் போடுகிறது. இரவில் மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுகிறேன். தூக்கத்தில் பேசுவதாகவும், குறட்டை நின்று திணறுவதாகவும் மனைவி சொல்கிறார். பகலில் சிக்னலில் வண்டியை நிறுத்தினால்கூடக் கண் சொக்குகிறது. என் தந்தைக்குப் பக்கவாதம் வந்தது. இது அதன் முன்னறிகுறி என்று இணையத்தில் படித்தேன். நன்றாகத் தூங்குவதற்காக மருந்துக் கடையில் அல்பிரசோலம் 0.5 மி.கி. மாத்திரை வாங்கித் தினமும் போட்டுக்கொள்கிறேன்.

பதில்: நீங்கள் விவரிப்பது பக்கவாதம் அல்ல. பக்கவாதத்தில் பெரும்பாலும் உடலின் ஒரு பக்கம் பலமிழக்கும், வாய் கோணும், பேச்சு குழறும். அப்படி நேர்ந்தால், சில நிமிடங்களில் சரியாகிவிட்டாலும், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உங்களுக்கோ உடல் முழுவதும் கட்டுண்டு, சிறிது நேரத்தில் தானாக விடுபடுகிறது. இதற்குத் தூக்க முடக்கம் என்று பெயர். நம் பாட்டிமார் அமுக்குவான் பேய் என்றார்கள். கனவு காணும் நேரத்தில், கனவில் ஓடுகிறவர் கட்டிலை விட்டும் எழுந்து ஓடிவிடாதபடி மூளை உடலின் தசைகளைத் தளர்த்தி வைக்கிறது; மூச்சிழுக்க உதவும் உதரவிதானமும் கண் தசைகளும் மட்டுமே பெரிதும் இதற்கு விலக்கு. அந்தக் கட்டு அவிழ்வதற்குள் விழிப்பு முந்திக்கொண்டால், கண் திறந்திருக்கும், உடல் அசையாது, மிச்சமிருக்கும் கனவு நெஞ்சின் மேல் ஆளாக உட்கார்ந்துகொள்ளும். கனவுத் தூக்கம் இரவின் பின்பாதியில்தான் மிகுதி என்பதால் அந்தப் பேயும் மூன்று மணிக்கு வருகிறது. மல்லாந்து படுப்பதும் தூக்கம் குறைவதும் இதைக் கூட்டும்.

கண் அயரும்போது தூக்கிவாரிப் போடுவது எனக்கும் உண்டு. தூக்கத்தில் பேசுவதை விட்டுத்தள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது மனைவி சொன்ன அந்த அரை வரியைத்தான். குறட்டை நின்று, பிறகு திணறலோடு தொடங்குகிறது என்றால், நடுவில் மூச்சு நின்றிருக்கிறது என்று பொருள். தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுகிறது. மார்பும் வயிறும் மூச்சிழுக்கப் போராடி ஏறி இறங்குகின்றன, ஆனால் மூக்கிலும் வாயிலும் காற்று வருவதில்லை. பத்து நொடியோ, அரை நிமிடமோ, அதற்கு மேலோ இது நீடித்து, ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தபின் மூளை பதறி எழுப்ப, ஒரு பெருங்கனைப்போடு மூச்சு திரும்புகிறது. ஸ்லீப் ஆப்னியா எனப்படும் இந்த நோய் முற்றியவர்களுக்கு ஒரு மணி நேரத்தில் 30 முறைக்கு மேல் இப்படி நடக்கும். காலையில் அவர்களுக்கு எதுவும் நினைவிருக்காது. தனக்குக் குறட்டையே கிடையாது என்று என்னிடம் சாதித்த ஒருவர், மனைவி பேசி முடிப்பதற்குள் மடியில் கோப்பு ஒன்றை வைத்தபடியே நாற்காலியில் குறட்டைவிடத் தொடங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

சிறுநீருக்கு எழுவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்: அடைபட்ட மூச்சோடு மல்லாடும் இதயம், உப்பையும் நீரையும் வெளியேற்றச் சொல்லும் ஹார்மோனைச் சுரக்கிறது. சர்க்கரை அளவையும் பார்த்துவிடுங்கள். துண்டு துண்டான தூக்கம் அமுக்குவானையும் அடிக்கடி அழைத்துவரும். இரவெல்லாம் ஏறி இறங்கும் ரத்த அழுத்தம் நாளடைவில் பகலிலும் உயர்ந்தே நிற்கும். கவனிக்காமல் விட்டால் பக்கவாதத்துக்கு வழிவகுப்பது அதுதான். தந்தையின் நோயை நினைத்து நீங்கள் கவலைப்படுவதில் தவறில்லை, தவறான அறிகுறியைப் பிடித்துக்கொண்டு கவலைப்படுகிறீர்கள்.

அல்பிரசோலத்துக்கு வருகிறேன். மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத எச்1 பட்டியல் மருந்து அது. கடைக்காரர் அதற்குத் தனிப் பதிவேடே வைத்திருக்க வேண்டும். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். ஏற்கெனவே தளரும் தொண்டையை இன்னும் தளர்த்தி, மூச்சு நிற்கும்போது உங்களைக் காப்பாற்றுகிற அந்த விழிப்பையும் மழுங்கடிக்கும் மாத்திரையை, அயர்ந்து தூங்குவதற்காக விழுங்கிக்கொண்டிருக்கிறீர்கள். மதுவும் இதையே செய்யும். அதற்காக இன்றே நிறுத்திவிடாதீர்கள். தினமும் பழகிய உடலில் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

நாளையே ரத்த அழுத்தம் பாருங்கள். நீங்கள் தூங்கும்போது மனைவியை ஐந்து நிமிடம் கைபேசியில் படம் பிடிக்கச் சொல்லி, அதோடு நுரையீரல் மருத்துவரையோ காது மூக்கு தொண்டை மருத்துவரையோ பாருங்கள். அவர் ஓர் இரவுத் தூக்க ஆய்வு செய்யச் சொல்வார். மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைபடுகிறது என்ற எண்ணிக்கையை வைத்தே சிகிச்சை முடிவாகும். 1981இல் முதன்முதலாக அறிவிக்கப்பட்ட சிபாப் கருவி, முகக்கவசம் வழியாக மெல்லிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கும். முதல் சில இரவுகள் எரிச்சலூட்டும், பிறகு பழகிவிடும். உடல் பருமன் இருந்தால் குறையுங்கள். அதுவரை ஒருக்களித்துப் படுங்கள். வாயில் பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ளச் சொல்லும் காணொளி கண்ணில் பட்டால் மூடிவிடுங்கள்.

சிகிச்சை தொடங்கிப் பகல் தூக்கம் தெளியும்வரை வண்டி ஓட்ட வேண்டாம். பேருந்தில் போங்கள்.