அப்பாவிடம் கேன்சர் என்று சொல்லலாமா? குறள் 292 எவ்வளவு தூரம் துணைக்கு வரும்?

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. பெருங்குடலில் கேன்சர் என்று பயாப்ஸி ரிப்போர்ட் வந்திருக்கிறது. அடுத்த வாரம் கீமோ தொடங்குகிறார்கள். "குடல்ல புண்ணு, மருந்து ஏத்தினா ஆறிடும்" என்று சொல்லி வைத்திருக்கிறோம். தெரிந்தால் மனசு விட்டுவிடுவார், சொல்லவே கூடாது என்கிறார் அம்மா. பெரியப்பாவோ, "பொய்மையும் வாய்மை யிடத்தன்னு வள்ளுவரே சொல்லியிருக்கார்" என்று முடித்துவிட்டார். எனக்கு மட்டும் உறுத்துகிறது. என்ன செய்வது? (வாசகி, மதுரை)

பதில்: பெரியப்பா காட்டிய குறளிலிருந்தே தொடங்கலாம். அதைப் பாதியில் நிறுத்திவிடுவதுதான் நம் வழக்கம்.

பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த
நன்மை பயக்கும் எனின்.

முழுதாகப் படித்தால் இரண்டு நிபந்தனைகள் தெரியும். கிடைக்கும் நன்மை புரைதீர்ந்ததாக, அதாவது குற்றம் ஒட்டாததாக இருக்க வேண்டும். அந்த நன்மை உண்மையிலேயே விளையவும் வேண்டும். 'பயக்கும் எனின்' என்கிறார் வள்ளுவர். நல்ல எண்ணத்தோடு சொன்னால் போதும் என்று குறளில் எங்கும் இல்லை. பரிமேலழகர் இதற்குக் காட்டும் இடமும் மிகக் குறுகியது: கேடோ சாவோ நெருங்கி நிற்கும் ஓர் உயிர், சொன்ன பொய்யினாலேயே அதிலிருந்து தப்பிப் பிழைப்பது.

1797-இல் ஜெர்மன் தத்துவ அறிஞர் காண்ட் எடுத்துக்கொண்டதும் ஏறக்குறைய இதே சூழலைத்தான். கொலைகாரன் வாசலில் நின்று, உள்ளே ஒளிந்திருப்பவரைக் கேட்கிறான். அவனிடம்கூடப் பொய் சொல்லக் கூடாது என்றார் காண்ட். நம்மில் பெரும்பாலோர் அங்கே பரிமேலழகர் பக்கம்தான் நிற்போம். ஆனால் உங்கள் வீட்டு வாசலில் கொலைகாரன் யாரும் இல்லை. 'புண்' என்று சொல்வதால் கட்டி ஒரு மில்லிமீட்டர்கூடச் சுருங்காது.

பெரியப்பாவுக்குச் சாதகமான ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். வாய்மை அதிகாரம் இருப்பது துறவறவியலில். பொய்யை அறவே ஒழிப்பது துறந்தவர்க்கே கூடும் என்று புறங்கூறாமை அதிகாரத்தின் முன்னுரையில் பரிமேலழகரே ஒப்புக்கொள்கிறார். ஆகவே இதுவரை சொன்னதற்காக யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம். இனி அந்தப் பொய் என்ன செய்யும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

குடலில் புண் என்று நம்பும் மனிதர் என்ன செய்வார்? வயிறு குளிர வேண்டும் என்று மோர் குடிப்பார், இளநீர் குடிப்பார், அதையும் ஃபிரிட்ஜில் வைத்துக் குடிப்பார். பெருங்குடல் கேன்சருக்குத் தரும் மருந்துகளில் ஆக்ஸாலிபிளாட்டின் என்று ஒன்று உண்டு. அது ஏறிய பிறகு சில நாட்களுக்குச் சில்லென்று எதைத் தொட்டாலும் விரல் சுரீரென்று மரத்துப்போகும்; குளிர்ந்ததைக் குடித்தால் தொண்டை அடைப்பதுபோல் இருக்கும். காரணம் தெரியாதவர் பயந்துவிடுவார்.

அதைவிடப் பெரிய ஆபத்து காய்ச்சல். கீமோ ஏற்றி ஒன்று இரண்டு வாரத்தில், தொற்றை எதிர்க்கும் வெள்ளணுக்கள் குறையும். அப்போது உடம்புச் சூடு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், நடுராத்திரி ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்ய வேண்டும். புண்ணுக்கு மருந்து சாப்பிடுகிறோம் என்று நினைப்பவர் ஒரு பாராசிட்டமாலைப் போட்டுக்கொண்டு போர்த்திப் படுத்துவிடுவார். மாத்திரை காய்ச்சலை மறைக்கும், தொற்று உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு முறை ஏற்றியதும் வலி குறைந்தால், "ஆறிடுச்சு, இனி எதுக்கு?" என்று மூன்றாவதற்கு வர மறுப்பவர்களும் உண்டு. வள்ளுவர் தீர வேண்டும் என்ற புரை இதுதான்.

இன்னொன்று: இந்தப் பொய் நீடிக்காது. ஆஸ்பத்திரியின் பெயர்ப்பலகை, பக்கத்துப் படுக்கைக்காரர், "கரண்ட் வைக்கணுமா?" என்று கேட்கும் சொந்தக்காரர், இன்சூரன்ஸ் தாள், மாத்திரைப் பெயரைப் போனில் தட்டிப் பார்க்கும் பேரன் என இவர்களில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். பல வீடுகளில் நோயாளி இரண்டாம் வாரமே கண்டுபிடித்துவிட்டு, பிள்ளைகள் வருந்துவார்களே என்று தெரியாததுபோல் இருப்பார். ஒரே வீட்டில் இரண்டு தரப்பும் நடித்துக்கொண்டிருக்கும். உயில், நிலம், பேசாமல் போன தம்பியைப் பார்ப்பது என்று அவர் முடிக்க நினைக்கும் காரியங்கள் அப்படியே நிற்கும்.

மறைப்பது நம் ஊருக்கு மட்டும் உரிய பழக்கம் என்றும் நினைக்க வேண்டாம். 1961-இல் அமெரிக்காவில் எடுத்த ஒரு கணக்கெடுப்பில் 90 சதவீத மருத்துவர்கள், கேன்சரை நோயாளியிடம் சொல்லாமல் இருப்பதையே விரும்பினார்கள். 1979-இல் அதே கேள்விக்கு 97 சதவீதம் பேர் சொல்வதையே விரும்பினார்கள். இந்தியாவில், சுயநினைவும் தெளிவும் உள்ள வயதுவந்தவரின் சம்மதத்தை அவரிடமே பெற வேண்டும், உறவினர் சம்மதம் அதற்கு ஈடாகாது என்று 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கீமோ சம்மதப் படிவத்தில் அப்பாவுக்காக நீங்கள் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

அப்படியென்றால் போட்டு உடைத்துவிடலாமா? கூடாது. 'யாதொன்றும் தீமை இலாத சொலல்' என்பதுதான் முந்தைய குறள் வாய்மைக்குத் தரும் இலக்கணம். எப்படிச் சொல்கிறோம் என்பதும் வாய்மையில் அடக்கம்.

முதலில் அம்மா. அவரிடம் வாதாட வேண்டாம். "அவருக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு பயப்படுறீங்கம்மா?" என்று கேளுங்கள். பெரும்பாலும், அவர் அழுவதைத் தன்னால் பார்க்க முடியாது என்பதுதான் உள்ளே இருக்கும். நாமாகச் சொல்லப் போவதில்லை, அவர் கேட்கிற அளவுக்குத்தான் சொல்லப் போகிறோம் என்று சொல்லுங்கள். பாதி எதிர்ப்பு அங்கேயே அடங்கும். பிறகு டாக்டரிடம், கீமோவுக்கு முந்தைய விசிட்டில் தனியாகப் பதினைந்து நிமிடம் கேட்டு வாங்குங்கள்.

அப்பாவிடம் பேசுவதைப் பகலில், அவர் சாப்பிட்டு முடித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி சொன்னால் விடியும்வரை அவர் தனியாகத்தான் கிடப்பார். கூட இருவர் போதும். டிவியும் போனும் அணைந்திருக்கட்டும். "டாக்டர் உங்ககிட்ட என்ன சொன்னார்ப்பா? நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று ஆரம்பியுங்கள். அவருக்கு எவ்வளவு தெரியும் என்பது அந்தப் பதிலிலேயே வந்துவிடும். அடுத்தது முக்கியமான கேள்வி: "ரிப்போர்ட்ல இருக்கிறது எல்லாத்தையும் தெரிஞ்சுக்கணுமா, இல்ல நாங்க பாத்துக்கட்டுமா?"

தெரிய வேண்டும் என்றால், "நாம நினைச்சதைவிடக் கொஞ்சம் பெரிசாத்தான் இருக்கு" என்று ஒரு படி வைத்துவிட்டு, 'கேன்சர்' என்ற சொல்லை ஒரே ஒரு முறை தெளிவாகச் சொல்லி நிறுத்துங்கள். அதன் பிறகு பேசாமல் இருப்பதுதான் கடினம். பதறிப்போய் "ஒண்ணுமில்லப்பா, எல்லாம் சரியாயிடும்" என்று அடுக்கத் தொடங்கும்போதுதான் காரியம் கெடுகிறது. அவர் அழட்டும், கோபப்படட்டும். கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருங்கள். எத்தனை மாதம், எத்தனை சதவீதம் என்பதை அவராகக் கேட்காமல் எடுக்காதீர்கள். கேட்டால் டாக்டர் வாயிலிருந்தே வரட்டும். எழுவதற்கு முன், அடுத்து நடக்கப்போகும் ஒரு காரியத்தை மட்டும் சொல்லுங்கள்: திங்கட்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்புகிறோம், யார் கூட வருகிறார்கள்.

"எனக்கு எதுவும் வேணாம், பெரியவன்கிட்ட பேசிக்கோங்க" என்றால் அதுவும் அவர் உரிமை. அப்போது நீங்கள் சொல்லாமல் இருப்பது பொய்யில் சேராது. ஆனால் என்றாவது நேராகப் பார்த்து, "எனக்குக் கேன்சரா?" என்று கேட்டால் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். நினைவு தவறும் நோயோ கடும் மனச்சோர்வோ இருந்தால் கணக்கு வேறு; அங்கே மனநல மருத்துவரைக் கேட்காமல் எதுவும் செய்ய வேண்டாம்.

எதுவும் வேண்டாம் என்றாலும் காய்ச்சல் விஷயத்தை அவர் தெரிந்தே ஆக வேண்டும். "இந்த மருந்து ஏறினா உடம்புல எதிர்ப்பு சக்தி குறையும்ப்பா, சூடு 100.4 தொட்டா மாத்திரை போடாம உடனே எங்களை எழுப்புங்க" என்று சொல்லலாம், அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. திங்கட்கிழமைக்குள் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி அவர் தலைமாட்டிலேயே வையுங்கள். ஆஸ்பத்திரியின் அவசர எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதிப் பக்கத்தில் ஒட்டுங்கள்.