ஜிம்முக்குப் போயும் ஹோர்மோன் ஏறவில்லையே, டொக்டர்?

கேள்வி: எனக்கு 58 வயது, ஊர் உப்புவெளி. மூன்று மாதமாக மகனோடு ஜிம்முக்குப் போகிறேன், அவருக்கு 26. பாரம் தூக்கினால் ஆண் ஹோர்மோன் கூடும் என்றார்கள். போன கிழமை பின்னேரம், ஜிம் முடிந்து வரும் வழியில் அந்த ஹோர்மோன் அளவைப் பார்க்க இருவரும் இரத்தம் கொடுத்தோம். மகனுக்கு நல்ல அளவு. எனக்கோ கீழ் எல்லைக்குக் கிட்ட. ஹோர்மோன் ஊசி போட்டால் சரியாகும் என்கிறார் ஜிம்மில் ஒருவர். மனைவிக்கு 53, மாதவிடாய் நின்றுவிட்டது, சீனி வருத்தமும் உண்டு. அவரும் பாரம் தூக்கலாமா?

பதில்: ஐயா, அந்த ரிப்போர்ட்டை முதலில் மடித்து வையுங்கள். நீங்கள் சொல்லும் ஆண் ஹோர்மோன், அதாவது டெஸ்டோஸ்டெரோன், காலையில் கூடி, பின்னேரம் இறங்கும். காலை 7 மணிக்கும் 10 மணிக்கும் இடையில், வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டிய இரத்தம் அது. குறைவாக வந்தால் இன்னொரு நாளும் பார்ப்போம். வியர்வை காயுமுன் கொடுத்ததை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

பாரம் தூக்கியதும் டெஸ்டோஸ்டெரோனும் வளர்ச்சி ஹோர்மோனும் ஏறுவது உண்மைதான். ஆனால் கோணேசர் கோயில் ஏற்றத்தில் நெஞ்சு படபடப்பதில்லையா, அதுமாதிரி. மேலே போய்க் கொஞ்சம் நின்றால் அடங்கிவிடும். இதுவும் பெரும்பாலும் ஒரு மணித்தியாலத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிடும். இருபதுகளில் அந்த ஏற்றம் பெரிது, அறுபதை நெருங்கும்போது சிறிது. மாதக்கணக்கில் பயிற்சி செய்தாலும் ஓய்வில் இருக்கும் அளவு அவ்வளவாக மாறாது. நடுவயதுக்குப் பிறகு ஆண்டுக்கு ஏறத்தாழ 1 வீதம் குறைந்துகொண்டு போவதும் இயல்பு. தொப்பை இருந்தால் அதைக் குறைத்துப் பாருங்கள்: கொழுப்புத் திசு டெஸ்டோஸ்டெரோனைப் பெண் ஹோர்மோனான ஈஸ்ட்ரஜனாக மாற்றிவிடும்.

அப்போ மூன்று மாதமும் வீணா? இல்லை. அந்தச் சின்ன ஏற்றத்தை நம்பித் தசை வளர்வதில்லை. 70 வயதிலும் வளரும். கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழும்பிப் பாருங்கள். முன்பைவிட லேசாக இருந்தால் அதுதான் உங்கள் ரிப்போர்ட்.

ஊசி வேண்டாம். வெளியிலிருந்து ஹோர்மோன் வந்தால், விதைகளுக்குப் போகும் கட்டளையை மூளை நிறுத்திவிடும், விந்தணுவும் குறையும். இதை மகனுக்கும் சொல்லி வையுங்கள். உண்மையில் எனக்குப் பயம் அவரைப் பற்றித்தான்.

உங்கள் வீட்டில் பாரம் தூக்கி அதிக இலாபம் பெறப்போவது உங்கள் மனைவி. நின்றுபோன ஈஸ்ட்ரஜன் பயிற்சியால் திரும்பாது. இன்சுலின் கதை வேறு. வேலை செய்யும் தசை, இன்சுலின் இல்லாமலே சீனியை இழுத்துக்கொள்ளும்; அதன்பின் ஒன்றிரண்டு நாள் இன்சுலினும் நன்றாக வேலை செய்யும். இது எந்த வயதிலும் நடக்கும். எலும்புக்கும் நல்லது. கிழமையில் இரண்டு நாள் பாரம், மற்ற நாட்களில் நடை போதும்.

தொடங்குமுன் பிரஷரையும் கண்ணின் விழித்திரையையும் பார்த்துவிடுங்கள். விழித்திரையில் பாதிப்பு இருந்தால் மூச்சை அடக்கிப் பாரம் தூக்கக் கூடாது. அவர் இன்சுலினோ, சீனியைக் குறைக்கும் கிளிக்கிளசைட் குளிசையோ எடுப்பவர் என்றால், சாப்பிடாமல் பயிற்சிக்குப் போக வேண்டாம். சீனி இறங்கினால் வாயில் போட, கைப்பையில் நாலு டொபி இருக்கட்டும். பாதம் விறைக்கிறது என்றால், உப்புவெளி மணலில் செருப்பில்லாமல் நடக்கவும் விடாதீர்கள்.