தன்னையே ஓயாமல் குறை கூறும் மனத்துக்கு மனக்கவனப் பயிற்சி மட்டும் போதுமா, கருணை மையச் சிகிச்சையும் வேண்டுமா?

இரண்டும் ஒன்றுக்கொன்று துணை நிற்பவை; ஆயினும் அவற்றின் வேலை வேறு. 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-சின் தொடங்கிய 8 வார மனக்கவனப் பயிற்சி, ஓர் உலர்திராட்சையைக் கையில் வைத்துப் பார்த்து, முகர்ந்து, மெதுவாக மென்று சுவைப்பது போன்ற எளிய செயல்கள் வழியே, நிகழ்வதை அந்தக் கணத்திலேயே நல்லது கெட்டது என்று தீர்ப்பிடாமல் கவனிக்கப் பழக்குகிறது.

கருணை மையச் சிகிச்சையை வகுத்தவர் பிரிட்டனைச் சேர்ந்த உளவியலாளர் பால் கில்பர்ட். "நான் உதவாக்கரை" என்ற எண்ணத்துக்கு மாற்றாக நியாயமான ஓர் எண்ணத்தைச் சிகிச்சைக்கு வந்தவர்களால் சொல்ல முடிந்தது. ஆனால் அதை மனத்துக்குள் சொல்லிக்கொண்ட குரல் கடுகடுப்பாகவே இருந்ததால் அவர்களுக்கு ஆறுதல் கிட்டவில்லை. இதை அவர் கண்டுகொண்டதே பெரிய திருப்பம் என்பேன். ஆபத்தை உணர்வது, வேண்டியதைத் தேடி ஓடுவது, பாதுகாப்பாக உணர்ந்து அமைதியடைவது என மூன்று உணர்ச்சி அமைப்புகள் நமக்குள் இயங்குவதாகவும், கடும் கண்டிப்பிலோ புறக்கணிப்பிலோ வளர்ந்தவர்களிடம் மூன்றாவது வலுவிழந்து கிடக்கலாம் என்றும் அவர் விளக்குகிறார். ஆகவே மூச்சை நிதானப்படுத்தி, முகத்தைத் தளர்த்தி, அன்பும் உறுதியும் கொண்ட ஒருவரைக் கற்பனை செய்து, அவருடைய குரலில் தன்னிடமே பேசப் பழக்குகிறார்கள்.

சிலருக்கு, குறிப்பாகச் சிறுவயதில் அரவணைக்க வேண்டியவர்களாலேயே துன்புறுத்தப்பட்டவர்களுக்கு, கருணையே அச்சத்தைக் கிளறும். கண்ணை மூடி அமர்ந்தால் பழைய நினைவுகள் பொங்கி வரலாம். அத்தகையோர் கைப்பேசிச் செயலியை நம்பித் தனியே முயலாமல், பயிற்சி பெற்ற உளவியலாளரின் துணையுடன் தொடங்குவதே நல்லது; மருத்துவர் தந்த மாத்திரைகளைத் தாமாக நிறுத்தவே கூடாது.