காலையில எந்திரிச்சதும் குதிகால் பிடிக்குது டாக்டர்! – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் டாக்டர். வயசு 43, திருப்பூர்ல பனியன் கம்பெனில சூப்பர்வைசரா இருக்கேன். சுகர் பார்டர்ல இருக்குன்னு சொன்னதால ஷட்டில் ஆட ஆரம்பிச்சேன், ஞாயித்துக்கிழமைன்னா மூணு மணி நேரம் விடாம ஆடுவோம். இப்ப குதிகாலுக்கு மேல பின்பக்க நரம்பு தடிச்சுப்போய் இருக்கு. காலையில பெட்ல இருந்து எறங்கி பாத்ரூம் போறதுக்குள்ள உயிரே போகுது, நடக்க நடக்க கொறஞ்சிடுது. ஒரு மாசம் ரெஸ்ட் எடுத்தேன், வலி போச்சு, திரும்ப ஆடுனதும் வந்துடுச்சு. அந்த எடத்துலயே ஊசி போட்டா சரியாயிடும்ங்கறாங்க, போட்டுக்கலாமா?

பதில்: ஊசிய மொதல்ல பேசிடலாம். ஸ்டீராய்டு ஊசின்னா வேண்டாங்க. கொஞ்ச நாளைக்கு வலி அடங்கும், ஆனா அந்த எடத்துல டெண்டன், அதாவது சதைய எலும்போட இணைக்கிற தசைநாண், வீக் ஆகி அறுந்துபோற ரிஸ்க் இருக்கு.

உங்களுக்கு இருக்குறது அக்கிலீஸ் டெண்டன் பிரச்சனை மாதிரி தெரியுது. கெண்டைக்கால் சதை கீழ எறங்கி குதிகால் எலும்புல போய் ஒட்டுற எடம் வரைக்கும் இருக்குற டெண்டன் அது, உடம்புலயே பெரிய டெண்டன் அதுதான். எலும்புல இருந்து 2 முதல் 6 சென்டிமீட்டர் மேல, ரெண்டு விரலால லேசா கிள்ளிப் பாருங்க. அங்க வலிச்சு, இன்னொரு கால விட தடிப்பாவும் இருந்தா அனேகமா இதான். மொதல் அடி வைக்கும்போது பிடிச்சு, நடந்ததும் விடுறது இதோட குணம். பாதத்துக்கு அடியில, குதிகால் நடுவுல குத்துனா அது வேற, அது பாதத்துக்கு அடியில இருக்குற பட்டையில வர்ற பிளான்டர் ஃபேசியைட்டிஸ்.

ரெஸ்ட் எடுத்தும் ஏன் திரும்ப வந்துச்சுன்னா, சும்மா இருந்த மாசத்துல வலி கொறைஞ்சுச்சே தவிர டெண்டனுக்கு பலம் கூடல, இருந்த பலமும் கொறைஞ்சிருக்கும், அதுமேலயே நீங்க போய் மூணு மணி நேரம் குதிச்சிருக்கீங்க, அது எப்படி தாங்கும் சொல்லுங்க. டெண்டனுக்கு மருந்தே கொஞ்சம் கொஞ்சமா பாரம் குடுத்துப் பழக்குறதுதான். ஸ்வீடன்ல ஆல்ஃபிரட்சன்னு ஒரு டாக்டர் 1998ல ஒரு எக்சர்சைஸ வெளியிட்டாரு, இன்னிக்கும் பிசியோ கிட்ட போனா பெரும்பாலும் அதுல இருந்துதான் ஆரம்பிப்பாங்க. மாடிப்படி விளிம்புல முன்பாதத்த மட்டும் வச்சு, கைப்பிடிய பிடிச்சுக்கிட்டு ரெண்டு காலாலயும் எக்கி நில்லுங்க, அப்புறம் நல்ல கால தூக்கிட்டு வலிக்கிற கால்லயே மெதுவா, ரொம்ப மெதுவா, குதிகால படிக்குக் கீழ எறக்குங்க. மேல வர்றதுக்கு நல்ல கால யூஸ் பண்ணுங்க. முட்டிய நேரா வச்சு 15 தடவை, மூணு செட். முட்டிய லேசா மடக்கி அதே மாதிரி மூணு செட். காலையும் சாயங்காலமும், 12 வாரம். மொத நாளே இவ்ளோவும் முடியலன்னா கம்மியா ஆரம்பிச்சு ஏத்துங்க, ஈசியா ஆயிடுச்சுன்னா முதுகுல ஒரு பேக்ல வெயிட் போட்டுக்கோங்க.

செய்யும்போது வலிக்கும், பயப்படாதீங்க. பத்துக்கு அஞ்சு வரைக்கும் பரவால்ல, மறுநாள் காலையில பிடிப்பு முன்னைவிட ஜாஸ்தியா இருந்தா மட்டும் எண்ணிக்கைய கொறைங்க. வலி எலும்போட ஒட்டுற எடத்துலயே இருந்தா படிக்குக் கீழ எறக்காம சமதரையிலயே செய்யணும், இத நிறைய பேர் சொல்லாம விட்டுடறாங்க. கொஞ்ச நாளைக்கு குதிகால் லேசா உசந்த ஷூ போடுங்க. ஷட்டில விடவே வேண்டாம், மூணு மணி நேரத்த ஒரே நாள்ல கொட்டாம வாரத்துல மூணு நாளா, ஒருநாள் விட்டு ஒருநாள் பிரிச்சு ஆடுங்க. சுகரும் கொலஸ்ட்ராலும் டெண்டன பாதிக்கும், அதனால மூணு மாச சராசரி சுகர காட்டுற HbA1c டெஸ்ட்ட தள்ளிப்போடாதீங்க.

கேள்வி: எனக்கு 54 வயசு, மதுரையில ஜவுளிக்கடையில வேலை, நாள் பூரா நின்னே கெடக்கணும். வலது கணுக்கால் உள்பக்கம் வீங்கி வலிக்குது, பாதம் தட்டையா ஆன மாதிரி இருக்கு. எக்ஸ்ரே நார்மல்னுட்டாங்க.

பதில்: அம்மா, எக்ஸ்ரேல எலும்புதான் தெரியும், டெண்டன் தெரியாது. பாத வளைவ தூக்கிப் பிடிக்கிற டிபியாலிஸ் போஸ்டீரியர் டெண்டன் உள் கணுக்காலுக்குப் பின்னாடிதான் போகுது, அது தளர்ந்தா வளைவு எறங்கிடும். வீட்ல யாரையாச்சும் பின்னாடி நின்னு செல்போன்ல ரெண்டு காலையும் சேத்து போட்டோ எடுக்கச் சொல்லுங்க, வலது பக்கம் மட்டும் சுண்டுவிரல் பக்கமா விரல்கள் ஜாஸ்தியா வெளிய தெரியுதான்னு பாருங்க. அப்புறம் சுவத்த பிடிச்சுக்கிட்டு அந்த ஒத்தக்கால்ல நின்னு குதிகால தூக்கிப் பாருங்க. முடியலன்னா இந்த வாரமே ஆர்த்தோ டாக்டர பாருங்க, அல்ட்ராசவுண்ட் இல்லன்னா எம்.ஆர்.ஐ. கேப்பாங்க. இத லேட் பண்ணக்கூடாதுன்னு நான் அழுத்திச் சொல்றேன், பாதம் வளையிற நிலையில இருக்குறவரைக்கும் வளைவுக்கு சப்போர்ட் வச்ச செருப்பு, பிரேஸ், பிசியோன்னு சமாளிச்சிடலாம், வெறைச்சுப்போச்சுன்னா ஆபரேஷன் வரைக்கும் போயிடும். தேஞ்ச ஹவாய் செருப்ப இன்னிக்கே தூக்கிப் போடுங்க, வீட்டுக்குள்ளயும் வெறுங்கால்ல நடக்காதீங்க. கடையில உக்கார ஸ்டூல் கேளுங்க, தயங்காதீங்க, வேலை பாக்குறவங்களுக்கு உக்கார எடம் குடுக்கணும்னு 2021லயே தமிழ்நாட்டுல சட்டத்த திருத்தியாச்சு.

கேள்வி: அம்மாவுக்கு 66 வயசு. சளிக்கு லெவோஃப்ளாக்ஸசின் மாத்திரை ஆரம்பிச்ச ரெண்டு மூணு நாள்ல ரெண்டு குதிகால் பின்னாடியும் வலி. சம்பந்தம் இருக்குமா?

பதில்: இருக்கலாம். இந்த வகை ஆன்டிபயாடிக் டெண்டன பாதிக்கும்னு அமெரிக்காவுல 2008லயே மருந்து லேபிள்ல கடுமையான எச்சரிக்கை போட வச்சாங்க. 60 வயசு தாண்டுனவங்க, கூடவே ஸ்டீராய்டு சாப்பிடறவங்களுக்கு ஆபத்து ஜாஸ்தி. அடுத்த மாத்திரை போடறதுக்கு முன்னாடி எழுதிக் குடுத்த டாக்டருக்கு போன் பண்ணி விஷயத்த சொல்லுங்க, வேற மாத்திக் குடுப்பாங்க. மேல சொன்ன எக்சர்சைஸ் இப்ப அம்மாவுக்கு வேண்டாம்.

கேள்வி: தம்பி வாலிபால் ஆடும்போது குதிகால்கிட்ட டப்புனு சத்தம், யாரோ பின்னாடி ஒதச்ச மாதிரி இருந்துச்சாம், திரும்பிப் பாத்தா யாருமே இல்ல. நடக்கிறான், அதனால சுளுக்கு வழிச்சா போதும்ங்கறாங்க.

பதில்: வழிக்கவே கூடாது! டெண்டன் அறுந்திருக்கலாம், அறுந்தாலும் மத்த சதைங்க இருக்குறதால நொண்டி நொண்டி நடக்க முடியும், அதான் ஏமாத்தும். குப்புற படுக்க வச்சு, பாதம் கட்டிலுக்கு வெளிய தொங்குற மாதிரி விட்டு கெண்டைக்கால் சதைய அமுக்குங்க. பாதம் தன்னால அசையணும். அசையலன்னா அறுந்திருக்க வாய்ப்பு ரொம்ப ஜாஸ்தி, அசைஞ்சாலும் டாக்டர் பாத்துத்தான் முடிவு பண்ணணும். நாள் ஆக ஆக அறுந்த முனைங்க வெலகிப்போயி வைத்தியம் கஷ்டமாகும், இப்பவே போனா தையல் போடறதா, கட்டு மட்டும் போதுமான்னு முடிவு பண்ற வாய்ப்பாவது இருக்கும். கால ஊன விடாம, விரல் கீழ பாத்த மாதிரி வச்சு கார்லயோ ஆட்டோலயோ ஆர்த்தோ இருக்குற ஆஸ்பத்திரிக்கு இன்னிக்கே கூட்டிட்டுப் போங்க.