ஸ்டெம் செல் தானத்துக்கு முன் போடும் ஊசி மஜ்ஜையில் என்ன செய்கிறது? எலும்பு ஏன் வலிக்கிறது?

தம்பிக்கு ஸ்டெம் செல் (எல்லா ரத்த அணுக்களையும் உண்டாக்கும் தாய் செல்) கொடுக்கப் போவதாகவும், "மஜ்ஜை காலியாகிவிடும்" என்று வீட்டில் பயமுறுத்துவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். என் அக்காவுக்காக இதே ஊசியை நானும் போட்டுக்கொண்டேன்.

மருந்து ஃபில்கிராஸ்டிம். ஜி-சிஎஸ்எஃப் என்ற வளர்ச்சிக் காரணியை (செல்களைப் பெருகத் தூண்டும் புரதம்) நம் உடம்பே சுரக்கிறது. கிருமி தொற்றினால் கூடுதலாகச் சுரக்கும். அதையே ஆய்வகத்தில் பாக்டீரியாவை வைத்துச் செய்து ஊசியில் அடைத்திருக்கிறார்கள். 1991-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது.

மஜ்ஜையில் எல்லா செல்லும் இதற்குச் செவிசாய்க்காது. இதற்கான ஏற்பி (மருந்தின் சேதியை வாங்கிக்கொள்ளும் புரதம்) செல்லின் மேற்பரப்பில் இருக்க வேண்டும். நியூட்ரோஃபிலாக (கிருமியோடு சண்டையிடும் வெள்ளையணு) வளரும் செல்களில் அது ஏராளம். சிவப்பணுவாகப் போகும் செல்கள் எதிர்பார்த்திருப்பது எரித்ரோபொய்டினை (சிறுநீரக நோயாளிகளுக்குப் போடுகிறார்களே, அது). அதனால் ஐந்து நாள் ஊசி போட்டும் என் ஹீமோகுளோபின் ஏறவில்லை, வெள்ளையணு மட்டும் 40,000-ஐத் தாண்டியது. ரிப்போர்ட்டைப் பார்த்து மிரளாதீர்கள். நியூட்ரோஃபில்களே அந்த ஏற்பி வழியாக மருந்தை உள்ளிழுத்து அழித்துவிடும். எண்ணிக்கை ஏற ஏற மருந்தும் வேகமாகக் கரையும்.

எனக்குப் பிடித்த விஷயம் வேறு. வெளியே வரவேண்டிய ஸ்டெம் செல்லில் இந்த ஏற்பி இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. எலிகளில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஸ்டெம் செல்லை மஜ்ஜையில் பிடித்து வைத்திருப்பது சிஎக்ஸ்சிஎல்12 என்ற இன்னொரு புரதம். ஊசியின் சேதி ஏற்பியுள்ள மற்ற செல்களுக்குப் போய், அவற்றின் மூலம் அந்தப் புரதம் குறைகிறது. பிடி தளர்ந்ததும் ஸ்டெம் செல் ரத்தத்தில் இறங்கிவிடுகிறது. அதில் ஒரு பங்கைத்தான் எடுக்கிறார்கள். மிச்சமிருப்பது பெருகி ஈடுகட்டிவிடும். காலியெல்லாம் ஆகாது.

வலி உண்மை. பெரியவர்களுக்கு மஜ்ஜை மும்முரமாக வேலை செய்வது இடுப்பிலும் முதுகெலும்பிலும் மார்பெலும்பிலும்தான். உற்பத்தி பெருகும்போது வலிப்பதும் அங்கேதான். மூன்றாம் ராத்திரி எனக்கு மல்லாந்து படுக்க முடியவில்லை. பாரசிட்டமால் ஓரளவு கேட்டது. மண்ணீரல் வீங்கலாம் என்பதால் கனமான எதையும் தூக்காதீர்கள். இடது விலாவுக்குக் கீழே சுருக்கென்று வலித்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஐந்தாம் நாள், ரத்தத்திலிருந்து ஸ்டெம் செல்லைப் பிரித்தெடுக்கும் மெஷினோடு நாலு மணி நேரம். உதடு மரத்தது, ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட்டின் வேலை அது, கால்சியம் கொடுத்தார்கள். கடைசியில் பார்த்தால் தக்காளி ரச நிறத்தில் ஒரு சின்னப் பை. "இவ்வளவுதானா?" என்றார் அக்காவின் மாமியார்.